"1,247 ஸ்பைவேர் இருக்கிறது" என்று கடை கம்ப்யூட்டர் சொல்கிறது: நிஜமா, போலியா? எப்படி நீக்குவது?

மீனா_காரைக்குடி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா பெயின்ட் கடை வைத்திருக்கிறார். பில், ஜிஎஸ்டி, டேலி எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில்தான். விண்டோஸ் 10. கொஞ்ச நாளாக வலது பக்கம் கீழ் மூலையில் "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று ஒரு பெட்டி வந்துகொண்டே இருக்கிறது, பிரபலமான ஆன்டிவைரஸ் ஒன்றின் லோகோவோடு. அது போதாதென்று டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு "கிளீனர்" வந்து உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதுமே தானாக ஸ்கேன் செய்து 1,247 ஸ்பைவேர், அதாவது நமக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் புரோகிராம், இருப்பதாகச் சிவப்பில் காட்டுகிறது. நீக்க ₹2,499 கட்டச் சொல்கிறது. கடையில் யாரும் அதை வாங்கவில்லை. "கட்டிடலாம்மா, கணக்கு போயிடக் கூடாது" என்கிறார் அப்பா. நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். இதை நம்பலாமா?

நெல்லை_சர்வீஸ்:
கட்டவே கட்டாதீங்க மீனா. ₹2,499 போவது சின்ன விஷயம். கார்டு நம்பர் அவர்கள் கைக்குப் போவதுதான் பெரிய விஷயம்.

நீக்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்க. திரையில் பேசுவது யார் என்று கண்டுபிடிங்க. எங்கள் கடைக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்க்காமல் எதையாவது நீக்கிவிட்டு, "திரும்பவும் வருது" என்று வருவார்கள். போலி எச்சரிக்கை மூன்று இடத்திலிருந்து வரும். ஒன்று, ஏதோ வெப்சைட் பக்கமே முழுத்திரையாக நின்று மிரட்டுவது. இரண்டு, பிரவுசர் வழியாக வரும் நோட்டிஃபிகேஷன். மூன்று, நிஜமாகவே இன்ஸ்டால் ஆன புரோகிராம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களிடம் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருக்கிறது.

கீழ் மூலைப் பெட்டி அடுத்த முறை வரும்போது க்ளிக் செய்யாமல் உற்றுப் பாருங்க. லோகோவைப் பார்க்காதீங்க, அதை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். பெட்டிக்குள் சின்ன எழுத்தில் "கூகுள் குரோம்" என்றும், பக்கத்தில் ஒரு வெப்சைட் முகவரியும் இருக்கிறதா?

மீனா_காரைக்குடி:
இருக்கிறது அண்ணா! குரோம் என்று போட்டு, அர்த்தமே இல்லாத எழுத்துகளாக ஒரு முகவரி. லோகோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நெல்லை_சர்வீஸ்:
அப்போது அந்தப் பெட்டி வைரஸ் இல்லை, விளம்பரம். யாரோ ஒருநாள் ஏதோ தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டதற்கு அழுத்தியிருப்பார்கள். அந்த ஒரு க்ளிக்தான் அனுமதிச் சீட்டு.

குரோமில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் தூக்குங்க. கடைக்கு நோட்டிஃபிகேஷனே தேவையில்லை என்றால் எந்தத் தளமும் கேட்கவே முடியாதபடி அதே பக்கத்தில் நிறுத்திவிடலாம். எட்ஜிலும் இதே மாதிரி இடம் உண்டு, அதையும் பாருங்க.

விண்டோஸின் நிஜமான எச்சரிக்கை "விண்டோஸ் செக்யூரிட்டி" என்ற பெயரில் வரும். அழுத்தினால் விண்டோஸுக்குள் இருக்கும் ஜன்னல்தான் திறக்கும், வெப்சைட் திறக்காது.

குமரன்86:
இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு? ஃபார்மேட் அடித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. சந்தேகத்தோடு ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கணக்கு எழுதுவது சரியில்லை என்பது என் கருத்து.

நெல்லை_சர்வீஸ்:
குமரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்த நிலைமை வந்தால் நானே சொல்வேன். ஆனால் கடை கம்ப்யூட்டரில் ஃபார்மேட் என்பது அவ்வளவு லேசு இல்லை. டேலி லைசென்ஸ், பில் பிரின்டர் டிரைவர், ஜிஎஸ்டி டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று எல்லாவற்றையும் திரும்ப உட்கார வைக்க வேண்டும். முதலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மீனா, எதைத் தொடுவதற்கும் முன்னால் டேலியிலிருந்தே கம்பெனி டேட்டாவை பேக்கப் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுக் கழற்றி வையுங்க. டேட்டா மட்டும். புரோகிராம் ஃபைல் எதுவும் அதில் போக வேண்டாம்.

பிறகு ஒரு சோதனை. அந்தக் கிளீனர் ஸ்கேன் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. "டிஸ்க்" என்ற பத்தியில் அந்தப் புரோகிராமின் எண் என்ன என்று சொல்லுங்க. ஸ்கேன் முடிந்ததும், 1,247 என்று எதையெல்லாம் எண்ணியிருக்கிறது என்ற விவரத்தையும் திறந்து பாருங்க.

மீனா_காரைக்குடி:
பேக்கப் எடுத்தாச்சு. பார்த்ததை எழுதுகிறேன். ஸ்கேன் பட்டை ஓடுகிறது, ஃபைல் பெயர்கள் சரசரவென்று மேலே போகின்றன, ஆனால் டிஸ்க் பத்தியில் 0, எப்போதாவது 0.1. அரை நிமிடத்தில் "முழு ஸ்கேன் முடிந்தது" என்கிறது. உள்ளே 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விவரத்தில் பாதிக்கு மேல் குக்கீ. மீதி டெம்ப் ஃபைல்கள், "ரெஜிஸ்ட்ரி பிழை" என்று பல வரிகள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் "மிக ஆபத்து" என்று சிவப்புப் புள்ளி.

நெல்லை_சர்வீஸ்:
விடை கிடைத்துவிட்டது. நிஜமாக ஸ்கேன் செய்யும் புரோகிராம் ஃபைல்களை வாசித்தாக வேண்டும். வாசித்தால் டிஸ்க் வேலை செய்யும். பழைய ஹார்டு டிஸ்க் 500 ஜிபியை அரை நிமிடத்தில் யாராலும் வாசிக்க முடியாது. குக்கீ என்பது வெப்சைட் வைக்கும் சின்னக் குறிப்பு. விளம்பரக்காரர்கள் அதை வைத்து நம்மைப் பின்தொடரலாம், அது தொல்லைதான். ஆனால் அது ஸ்பைவேர் கிடையாது. எண்ணிக்கையை ஏற்றிக் காட்டத்தான் அதையெல்லாம் சேர்க்கிறார்கள்.

பழைய_எக்ஸ்பி:
இந்த ஏமாற்று வேலைக்கு வயது இருபதுக்கு மேல். 2005 வாக்கில் ஸ்பைஷெரிஃப் என்று ஒன்று வந்தது. டெஸ்க்டாப் படத்தையே எச்சரிக்கைப் பலகையாக மாற்றிவிடும். பிறகு வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்று வரிசையாக வந்தன. இந்த மூன்றின் பின்னால் இருந்த இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற கம்பெனி மீது அமெரிக்காவின் எஃப்டிசி, அதாவது மத்திய வணிக ஆணையம், 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏமாந்தார்கள் என்பது புகார். 2012இல் அந்த வழக்கில் ஒருவர் மீது மட்டும் 16 கோடியே 30 லட்சம் டாலர் கட்டும்படி தீர்ப்பானது.

அந்தக் காலத்தில் இவை இப்போது இருப்பதைவிட மூர்க்கமானவை. எந்த எக்ஸ்இ ஃபைலை, அதாவது புரோகிராமைத் திறந்தாலும் "இதில் வைரஸ்" என்று தடுக்கும். டாஸ்க் மேனேஜரைப் பூட்டிவிடும். ஆன்டிவைரஸ் தளங்களுக்குப் போக முடியாதபடி ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பிராக்ஸியையும் மாற்றிவிடும். விண்டோஸ் தேவையானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் போய், மால்வேர்பைட்ஸ் என்ற நிஜமான நீக்கும் புரோகிராமின் ஃபைல் பெயரை மாற்றி வைத்து ஓட்டுவோம். அதற்கு முன்னால் ஆர்கில் என்ற சின்னக் கருவியால் போலியின் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது, செய்தால் போலி மறுபடி எழுந்துவிடும். அப்படியே ஸ்கேனுக்குப் போக வேண்டும். இன்றும் பிடிவாதமான கேஸ்களில் இந்த வரிசை உதவுகிறது.

மேக் வைத்திருப்பவர்கள் நமக்கு வராது என்று இருந்தார்கள். 2011 மே மாதம் மேக் டிஃபெண்டர் என்ற போலி வந்தது. அதற்காகவே ஆப்பிள் அந்த மே 31ஆம் தேதி ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டது.

வாசுகி_டீச்சர்:
ஒரு சந்தேகம். காசு கேட்டாலே போலி என்று வைத்துக்கொள்ளலாமா? நல்ல ஆன்டிவைரஸும் காசுக்குத்தானே விற்கிறார்கள்?

நெல்லை_சர்வீஸ்:
நல்ல கேள்வி டீச்சர். காசு கேட்பது தப்பில்லை. நம் சென்னையில் 1991இல் தொடங்கிய கே7 கம்பெனி ஆன்டிவைரஸைக் காசுக்குத்தான் விற்கிறது, அது முறையான வியாபாரம். நான் பார்ப்பது வேறு. நீங்கள் தேடிப் போய் வாங்கினீர்களா, அல்லது அது தானாக வந்து நுழைந்ததா? பயமுறுத்திவிட்டு அதே மூச்சில் காசு கேட்கிறதா? கவுன்ட் டவுன் கடிகாரம் ஓடுகிறதா? அன்இன்ஸ்டால் செய்யப் போனால் இழுத்தடிக்கிறதா? பெயர் தெரியாத ஆன்டிவைரஸ் என்றால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் இரண்டும் வெளியிடும் சோதனை முடிவுகளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். பட்டியலில் இல்லாததாலேயே ஒன்று போலி ஆகிவிடாது, ஆனால் மற்ற அறிகுறிகளோடு சேர்ந்தால் தொடவே மாட்டேன்.

பெரிய கடை என்பதாலும் நம்பிவிட முடியாது. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் "பிசி ஹெல்த் செக்" என்று இலவசச் சோதனை வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா, பாப்-அப் வருகிறதா என்பது போல நான்கு கேள்வி. ஒன்றுக்கு "ஆமாம்" என்று குறித்தாலே மால்வேர் (கெடுதல் செய்யும் புரோகிராம்) அறிகுறி என்று முடிவு வரும்படி அமைத்திருந்தார்கள் என்பது எஃப்டிசி குற்றச்சாட்டு. ஸ்கேனுக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. 2019இல் ஆஃபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டாட் காம் 1 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. சைப்ரஸ் நாட்டின் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் கம்பெனிகள் மீதும் இதே வகைப் புகார். 2024இல் 2.6 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டார்கள்.

மீனா, இப்போது நீக்கும் வேலை. முதலில் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, இன்ஸ்டால் ஆன தேதிப்படி அடுக்குங்க. கிளீனர் வந்த அதே நாளில் வேறு என்னென்ன வந்திருக்கிறது என்று பாருங்க. இவை தனியாக வருவது அரிது.

மீனா_காரைக்குடி:
அதே தேதியில் மூன்று! கிளீனர், ஒரு பிடிஎஃப் கன்வர்ட்டர், பெயரே புரியாத ஒரு "அப்டேட்டர்". ஜிஎஸ்டி நோட்டீஸ் ஒன்றை வேர்டாக மாற்ற கடைப் பையன் கன்வர்ட்டரை இறக்கினானாம். மற்ற இரண்டும் அதோடு வந்திருக்க வேண்டும். கிளீனரை அன்இன்ஸ்டால் செய்தேன். "50% தள்ளுபடி வேண்டுமா", "பாதுகாப்பு இல்லாமல் தொடரப் போகிறீர்களா" என்றெல்லாம் கேட்டுவிட்டுப் போனது. ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப டெஸ்க்டாப்பில் நிற்கிறது.

நெல்லை_சர்வீஸ்:
அப்டேட்டர்தான் அதைத் திரும்பக் கொண்டுவருகிறது. வரிசையை மாற்றுவோம். நெட் கேபிளைக் கழற்றுங்க. முதலில் அப்டேட்டர், அடுத்து கன்வர்ட்டர், கடைசியில் கிளீனர் என்று மூன்றையும் எடுங்க. பிறகு ஸ்டார்ட்டில் "டாஸ்க் ஷெட்யூலர்" (புரோகிராம்களைத் தானாக ஓட வைக்கும் இடம்) என்று தேடித் திறந்து, கிளீனர் அல்லது அப்டேட்டர் பெயரில் இருப்பதை முதலில் டிசேபிள் செய்யுங்க. எது ஓடப் போகிறது என்பது "ஆக்ஷன்ஸ்" பகுதியில் தெரியும். ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தாறுமாறான பெயரில் உள்ள எக்ஸ்இயைக் கூப்பிட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் நல்ல புரோகிராம்கள் சிலவும் அந்த ஃபோல்டரில் இருப்பதால், தெரியாததை இங்கே கேட்டுவிட்டு அழியுங்க. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்-அப் பகுதியையும் பாருங்க.

அடுத்து, பலரும் மறக்கும் ஓர் இடம். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கீழே "எக்ஸ்க்ளூஷன்ஸ்". விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்ற பட்டியல் அது. திருட்டுப் புரோகிராம்கள் தங்கள் ஃபோல்டரை, சில சமயம் சி டிரைவையே அதில் சேர்த்துவிடும். அப்புறம் எத்தனை ஸ்கேன் ஓட்டினாலும் "எல்லாம் சுத்தம்" என்றுதான் வரும்.

இவ்வளவும் முடிந்ததும் நெட்டைப் போட்டு டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்க. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறும் முன்பே தேடும், கால் மணி நேரம்போல ஆகும். திறந்திருக்கும் வேலையை முன்னாலேயே சேவ் செய்துகொள்ளுங்க. அப்புறம் மால்வேர்பைட்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி ஒரு ஸ்கேன். இலவசப் பதிப்பே கண்டுபிடிக்கும், நீக்கவும் செய்யும். கூகுளில் "ஸ்பைவேர் ரிமூவர்" என்று தேடி முதலில் வரும் விளம்பரத்தை அழுத்திவிடாதீங்க. போலியை நீக்கப் போய் இன்னொரு போலியை இறக்குகிறவர்கள் அந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

மீனா_காரைக்குடி:
எக்ஸ்க்ளூஷனில் நிஜமாகவே அப்டேட்டரின் ஃபோல்டர் இருந்தது! எடுத்துவிட்டேன். ஷெட்யூலரிலும் ஒன்று இருந்தது, எடுத்தாச்சு. இப்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது, பயமாக இருக்கிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எனிடெஸ்க் இருக்கிறது, வேறு இடத்திலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் புரோகிராம். அப்பாவிடம் கேட்டேன். போன வாரம் முழுத்திரையில் ஒரு எச்சரிக்கை வந்து, சத்தமாகப் பேசியதாம். அதில் இருந்த நம்பருக்கு அழைத்ததில் ஒருவர் ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசி, இதை இறக்கச் சொல்லி, திரையில் ஏதோ பட்டியலைக் காட்டி "எல்லாம் வைரஸ்" என்றாராம். வாடிக்கையாளர்கள் வந்துவிட்டதால் அப்பா போனை வைத்துவிட்டார்.

யாழ்_தர்ஷி:
மீனா, இது எங்கட பக்கமும் நடக்கிறது. நான் வங்கியில வேலை செய்யிறன், இப்பிடி வந்து அழுத ஆக்களைப் பார்த்திருக்கிறன். அதால வடிவாச் சொல்லுறன், கேளுங்கோ.

அவையள் காட்டின பட்டியல் பெரும்பாலும் ஈவென்ட் வியூவரா இருக்கும், விண்டோஸ் தனக்குள்ள நடக்கிறதைப் பதிஞ்சு வைக்கிற இடம். எந்த நல்ல கணினியிலயும் அதுக்குள்ள சிவப்புப் பிழைகள் நூற்றுக்கணக்கில இருக்கும், அது வழமை. இன்னொரு வித்தையும் இருக்கு. கறுப்புத் திரையில ஒரு கட்டளை அடிச்சு, 888 எண்டு தொடங்கிற நீளமான எண்ணைக் காட்டி, "இது உங்கட கணினிக்கு மட்டுமே உரிய இலக்கம், எங்களிட்ட பதிவாயிருக்கு" எண்டு சொல்லுவினம். அந்த எண் எல்லா விண்டோஸிலயும் ஒண்டுதான்.

மைக்ரோசொஃப்ட் தன்ர எச்சரிக்கையில ஒருநாளும் தொலைபேசி இலக்கம் போடாது. இலக்கம் இருந்தாலே பொய் எண்டு எடுங்கோ. அப்பாட்டக் கோபப்படாமல் கேளுங்கோ: கார்ட் இலக்கம், ஓடிபி ஏதும் குடுத்தவரா? எனிடெஸ்க் ஓடேக்க நெட் பேங்கிங் திறந்தவரா?

மீனா_காரைக்குடி:
ஓடிபி எதுவும் சொல்லவில்லை என்கிறார் அக்கா. ஆனால் அன்று காலை வங்கித் தளம் பிரவுசரில் திறந்தே இருந்ததாம். கணக்கில் பணம் எதுவும் குறையவில்லை, பார்த்துவிட்டேன். குரோமில் பாஸ்வேர்டுகள் சேமித்து வைத்திருக்கிறோம்.

யாழ்_தர்ஷி:
அப்பிடியெண்டால் அந்தக் கணினியில இருந்து ஒண்டும் மாத்த வேண்டாம். உங்கட ஃபோனில இருந்தோ வேற சுத்தமான கணினியில இருந்தோ முதல் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு ஜிஎஸ்டி எண்டு கடவுச்சொற்களை மாத்துங்கோ. மின்னஞ்சல் ஏன் முதல் எண்டால், மற்ற எல்லாத்தின்ர கடவுச்சொல்லையும் அதுக்குள்ளால மீட்கலாம். வங்கிக்கு எழுத்தில அறிவியுங்கோ.

நெல்லை_சர்வீஸ்:
தர்ஷி அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்க. நம் ஊர் விதிகளையும் சேர்த்துவிடுகிறேன், இந்த இழையை வேறு யாராவது படிக்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நாமே சொல்லிப் பணம் போனால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசு.

இந்த கால் சென்டர்களில் பல நம் நாட்டிலிருந்தே நடக்கின்றன என்பது வேதனை. 2023 அக்டோபரில் ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரில் சிபிஐ 76 இடங்களில் சோதனை போட்டது. மைக்ரோசாஃப்ட், அமேசான் கம்பெனிகளின் புகார்களும் அதில் உண்டு.

முழுத்திரை மிரட்டல் இனி வந்தால் அப்பாவுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுங்க: எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடிக்கணும். அசையாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் குரோமை "எண்ட் டாஸ்க்". மறுபடி திறக்கும்போது "ரீஸ்டோர்" கேட்டால் அழுத்தவே கூடாது, அதே பக்கம் திரும்ப வந்துவிடும்.

குமரன்86:
இப்போதும் கேட்கிறேன். வெளியாள் ரிமோட்டில் உள்ளே வந்திருக்கிறான் என்று தெரிந்த பிறகும் ஃபார்மேட் வேண்டாமா?

நெல்லை_சர்வீஸ்:
இப்போது வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். நோட்டிஃபிகேஷனும் கிளீனரும் மட்டும் என்றால் நீக்கினால் போதும். ரிமோட்டில் இருந்தவன் என்ன வைத்துவிட்டுப் போனான் என்று எந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதுவும் வங்கி வேலை நடக்கும் கம்ப்யூட்டரில். பேக்கப் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது டேலி ஆளையும் வைத்துக்கொண்டு செய்யுங்க. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், மெஷின் தாங்கும் என்றால் அப்படியே விண்டோஸ் 11 போட்டுவிடுங்க. அதுவரை அந்த கம்ப்யூட்டரில் பில் மட்டும், நெட் வேண்டாம்.

பழைய_எக்ஸ்பி:
ஏற்கெனவே காசு கட்டிவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு. கார்டு வங்கியிடம் "சார்ஜ்பேக்", அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி கேளுங்கள், வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா ஆய்வாளர்கள் மூன்று போலி ஆன்டிவைரஸ் கும்பல்களின் சர்வர் பதிவுகளையே ஆராய்ந்தார்கள். மூன்றும் சேர்ந்து 13 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்திருந்தன. கார்டு புகார்கள் கூடினால் பணம் வாங்கும் கணக்கே மூடப்படும் என்பதால், கேட்டவர்கள் சிலருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமாளித்தார்கள் என்பது அதில் தெரிந்தது. நீங்கள் தரும் ஒவ்வொரு புகாரும் அவர்களுக்கு வலிக்கிறது. ஆண்டுச் சந்தாவுக்குக் கார்டில் தானியங்கி அனுமதி விழுந்திருக்கிறதா என்றும் வங்கியில் பார்த்து ரத்து செய்யுங்கள்.

மீனா_காரைக்குடி:
ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது. விண்டோஸ் 11, டேலி, பிரின்டர், டோக்கன் எல்லாம் ஓடுகிறது. பாஸ்வேர்டுகள் மாற்றியாச்சு, வங்கிக்கும் எழுதிக் கொடுத்தாச்சு. எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி: புதுசாகப் போட்ட குரோமில் கடை அக்கவுன்ட்டில் லாகின் செய்ததும், "சேஃப் சர்ச்" என்று ஒரு எக்ஸ்டென்ஷன் தானாக வந்துவிட்டது. எங்கிருந்து?

நெல்லை_சர்வீஸ்:
சிங்க் வழியாக. பழைய குரோமில் இருந்த எக்ஸ்டென்ஷன் கூகுள் கணக்கோடு சேர்ந்து வந்திருக்கிறது. முதலில் சிங்க்கை ஆஃப் செய்யுங்க, பிறகு எக்ஸ்டென்ஷனை ரிமூவ் செய்யுங்க. அதே அக்கவுன்ட்டில் வீட்டு லேப்டாப் இருந்தால் அதிலும் இதையே செய்யுங்க. தேடுபொறியும் முகப்புப் பக்கமும் மாறியிருக்கிறதா பாருங்க. எல்லாக் கம்ப்யூட்டரிலும் எடுத்து முடித்த பிறகுதான் சிங்க்கைத் திரும்பப் போடணும். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் "யுவர் டிவைசஸ்" பட்டியலைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் சைன் அவுட் செய்துவிடுங்க.

மீனா_காரைக்குடி:
வீட்டு லேப்டாப்பிலும் அதே எக்ஸ்டென்ஷன் இருந்தது. இரண்டிலும் எடுத்துவிட்டேன். டிவைஸ் பட்டியலில் எங்களுடையவை மட்டும்தான்.